குழாயைப் பிடிக்காத கை

பெங்களூரு அல்சூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.

பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தீயணைப்பு, ராணுவம், தலைமை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வீரக் கதை கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். ஒன்று சொல்வேன். ஆனால் நான் பேச வந்தது வேறு. ஆபத்தான இடத்தில் பொறுப்பில் இருப்பவர் எந்த வேலையைச் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதுதான் விஷயம்.

இதைப் பேச அல்சூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பக்கத்திலேயே ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் சென்டர் இருக்கிறது. 1780-இல் வேர்விட்ட படை அது. ராணுவம் முழுக்க அவர்களுக்கு ஒரே பெயர்தான், தம்பி. எதிரியின் முள்கம்பி வேலியைத் தகர்க்க 1912-இல் கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கிய குழாய் வெடிக்கு இந்த ஊரின் பெயரையே வைத்து, பெங்களூர் டார்பிடோ என்று உலகப் படைகள் எல்லாம் சொல்லின. நானும் அந்தத் தம்பிகளில் ஒருவன். பிறகு ஒரு தொழிற்சாலையில் தீ பாதுகாப்பு வேலை பார்த்தேன். இரண்டு சீருடையிலும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் பம்பாய். 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக்கில் போர்ட் ஸ்டைகின் என்ற கப்பல் நிற்கிறது. அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள். கூடவே பருத்திப் பொதிகள், எண்ணெய்ப் பீப்பாய்கள், தங்கக் கட்டிகள். யுத்த காலம், யாரும் இதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. மதியம் இரண்டு மணி வாக்கில் புகை தெரிகிறது. தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீர் அடிக்கின்றன. பருத்திப் பொதி எப்படி எரியும் தெரியுமா? மேலே தண்ணீர் ஓடும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

கரையில் கப்பல் கேப்டன் இருந்தார், துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள், வெடிபொருள் தெரிந்த ராணுவ அதிகாரி இருந்தார், தீயணைப்புப் படையின் தலைவரும் இருந்தார். கப்பலை வெளியே இழுத்துப் போகலாம் என்றது ஒரு யோசனை. இங்கேயே மூழ்கடிக்கலாம் என்றது இன்னொன்று. இன்னும் தண்ணீர் அடிப்போம், அணைந்துவிடும் என்றது மூன்றாவது. மூன்றில் எதுவும் முட்டாள்தனமில்லை. ஆனால் 'இதுதான் முடிவு, எல்லோரும் இதைச் செய்யுங்கள்' என்று சொல்லும் அதிகாரம் கொண்ட ஒரே ஒருவர் அங்கே இல்லை. இரண்டு மணி நேரம் கழிந்தது. நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரை மணிக்குள் இன்னொரு வெடிப்பு. தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர் போனார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-இல் தீயணைப்பு நிலையங்களில் கொடி கட்டி, பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வண்டியைச் சுற்றிக் காட்டுகிறார்களே, அது இந்த 66 பேரின் நினைவு நாள்.

அந்தக் கப்பல் மேல் நின்றவர்களுக்குத் தைரியம் குறைவா? கடைசி வரை குழாயை விடாமல் நின்றவர்கள் அவர்கள். தைரியத்துக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வேறு இடத்தில்.

என் வாத்தியார் ஒருவர், சுபேதார், டிரில் மைதானத்தில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். குழுத் தலைவன் யாராவது ஆர்வத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவிட்டால் விசிலை ஊதி, மொத்தப் பயிற்சியையும் நிறுத்திவிடுவார். 'நீ பிடித்தால் யார் பார்ப்பது?' என்பார். அவ்வளவுதான், விளக்கம் எல்லாம் கிடையாது. குழாய் முனையைப் பிடித்தவனுக்குத் தெரிவது தன் முன்னால் இருக்கும் ஜுவாலை மட்டும். அவன் காதில் பம்பு சத்தம், கண்ணில் புகை. கூரை தொய்கிறதா, காற்று திரும்புகிறதா, பின்னால் இருக்கும் படிக்கட்டில் புகை ஏறுகிறதா, எதுவும் தெரியாது. தெரியவும் கூடாது, அவன் வேலை அது அல்ல. அதைப் பார்க்க ஒருவர் பின்னால் கையைக் காலியாக வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்க எளிது. ஆட்கள் உள்ளே திணறும்போது சும்மா நிற்பதுபோல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்றவருக்குத்தான் தெரியும். பார்க்கிற கூட்டமும் 'பெரிய ஆபீசர், ஓரமா நிக்கிறான் பாரு' என்றுதான் சொல்லும்.

பி.ஏ. செட் என்று முதுகில் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு போவார்களே, அங்கே இந்த விஷயம் இன்னும் துல்லியம். வாசலில் ஒருவர் பலகையோடு நிற்பார். யார் போனார், எத்தனை மணிக்கு, சிலிண்டரில் எவ்வளவு அழுத்தம், எப்போது வெளியே வந்தாக வேண்டும் என்று எழுதி வைப்பார். அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கினால் சிலிண்டரே விசில் அடிக்கும். ஆனால் விசில் அடித்த பிறகு திரும்ப நினைப்பவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். உடம்பு உழைக்க உழைக்கக் காற்று இரண்டு மடங்கு வேகத்தில் தீரும். உள்ளே இருப்பவருக்கு நேரம் போவது தெரியாது. பயத்தில் பார்வை குறுகும், காது அடைக்கும். பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் ராணுவத்திலும் தீயணைப்பிலும் உத்தரவைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். 'சரி சார்' என்ற பதிலுக்கு அங்கே மதிப்பு இல்லை.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. தீயணைப்பு வீரர் நெருப்பில் சாகிறார் என்றுதான் நினைக்கிறோம். அமெரிக்காவில் பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களின் கணக்கை எடுத்து 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. இறப்புகளில் 45 சதவீதம் இதய நோயால். தீயை அணைக்கும் வேலை அவர்களின் மொத்தப் பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான். ஆனால் அந்த இதய மரணங்களில் 32 சதவீதம் அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தன. காரணம் புரிந்துகொள்ள எளிது. கனத்த உடுப்பு, 20 கிலோவுக்கு மேல் சுமை, உடம்பின் சூடு வெளியேற வழி இல்லை, வியர்வையில் ரத்தம் கெட்டியாகிறது, இதயம் உச்ச வேகத்தில் அடிக்கிறது. ஆகவே தலைவரின் வேலைப் பட்டியலில் தண்ணீர் குடிக்க வைப்பதும் உட்கார வைப்பதும் உண்டு. 'எனக்கு ஒன்றுமில்லை, இன்னொரு ரவுண்டு போறேன்' என்று சொல்பவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

தூக்கமும் அப்படித்தான். 1997-இல் வந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவருடையதைப் போல இருந்தது. நம் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 சதவீதம் வரைதான். சனிக்கிழமை இரவு எம்.ஜி. ரோட்டில் போலீஸ் ஊதச் சொல்கிறார்கள், சரி. தூக்கமில்லாதவரை ஊதிக் கண்டுபிடிக்க மெஷின் இல்லை. இங்கே இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கும் ஐ.டி. பிள்ளைகள் சிரிப்பது தெரிகிறது.

இப்போது மலைக்காட்டுக்குப் போவோம். தீ மேட்டில் ஏறும்போது ஓடும். சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேகம் சுமாராக இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீக்காரர்களின் கணக்கு. 2018 மார்ச்சில் நம் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோமே, அவர்களும் நின்றது சரிவில்தான்.

1949 ஆகஸ்ட் 5. அமெரிக்காவின் மான்டானா மாநிலம், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்த 15 தீயணைப்பு வீரர்கள், அவர்களோடு சேர்ந்துகொண்ட ஒரு வனக் காவலர். தலைவர் வாக்னர் டாட்ஜ். தீ பள்ளத்தாக்கைத் தாண்டி இவர்கள் பக்கமே வந்துவிட்டது. எல்லோரும் மேட்டை நோக்கி ஓடுகிறார்கள். டாட்ஜ் முதலில் கருவிகளைக் கீழே போடச் சொன்னார். அடுத்து, யாரும் நினைக்காத ஒன்றைச் செய்தார். தீக்குச்சியைக் கிழித்துத் தன் முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து போன இடத்தில் பெரிய தீ எரிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தச் சாம்பலில் வந்து படுங்கள் என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. தாண்டி ஓடினார்கள். 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் படுத்த டாட்ஜும், மேட்டுப் பாறை இடுக்கை எட்டிய இருவரும் மிஞ்சினார்கள்.

டாட்ஜ் கண்டுபிடித்தது சரி. அவர் சொன்னதை ஏன் கேட்கவில்லை? அந்தக் குழு ஒன்றாகப் பழகிய குழு அல்ல. டாட்ஜே அந்தப் பருவத்தின் தொடக்கப் பயிற்சியில் அவர்களோடு இல்லை. முன்பின் பழகாத ஒருவர், தீயைக் கண்டு ஓடும் நேரத்தில், தீ வைத்துவிட்டு உள்ளே வா என்றால் யார் போவார்கள்? நானும் போயிருக்க மாட்டேன். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்றைக்கு டாட்ஜ் பதறவே இல்லை, ஆனாலும் காரியம் சிதறியது. அமைதி அவரிடம் மட்டும் இருந்தது. அதை மற்றவர் எடுத்துக்கொள்ள முந்தைய பழக்கம் இல்லை.

ராணுவத்தில் படா கானா என்று ஒன்று உண்டு. ஜவான்களும் அதிகாரிகளும் ஒன்றாகச் சாப்பிடும் விருந்து. அதிகாரிகளே ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள். வெளியிலிருந்து பார்க்க வெறும் சடங்கு. யார் எந்தக் குழந்தையின் படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறான், யார் ரொட்டியைத் தொடாமல் சோறு மட்டும் கேட்கிறான் என்று அங்கேதான் தெரியும். சாம்பலில் வந்து படு என்று ஒருநாள் கூப்பிட நேர்ந்தால் வருவதற்கான வேர் அங்கே இருக்கிறது.

1980-களில் கேரி க்ளைன் என்ற உளவியலாளர், அமெரிக்க ராணுவத்தின் பணத்தில், தீயணைப்புத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயப் போனார். இரண்டு வழிகளை வைத்து எது நல்லது என்று ஒப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ 'நாங்கள் முடிவே எடுப்பதில்லை, என்ன செய்யணுமோ செய்கிறோம்' என்றார்கள். ஒருவர் சொன்ன சம்பவம்: சிறிய வீடு, சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. கூடத்தில் நின்றவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆட்களை வெளியே இழுத்துவிட்டார். உடனே அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. தீ இருந்தது அடித்தளத்தில். தனக்கு ஏதோ தெய்வ சக்தி என்றே அவர் நம்பினார். பிரித்துப் பார்த்தால், சிறிய தீக்கு அந்தக் கூடம் ரொம்பச் சூடாக இருந்தது, அவ்வளவு சூட்டுக்குச் சத்தம் ரொம்பக் குறைவாக இருந்தது. கல்யாண சமையல்காரர் கரண்டியை வைக்காமலே எண்ணெயின் சத்தத்தில் பதம் சொல்வாரே, அதே காரியம். எத்தனையோ தீயைப் பார்த்து, 'இது அதுபோல் இல்லை' என்று உடம்பு சொல்லிவிடுகிறது. ஆனால் அதைக் கேட்கக் கூடத்தில் ஒருவர் வேறு வேலை இல்லாமல் நின்றிருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

இதையெல்லாம் மறுக்கும் ஓர் ஆளும் இருக்கிறார். சுபேதார் சுப்ரமணியம், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர், நம் மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மினியானோ. கண்ணிவெடி தேடும் குழுவுக்குத் தலைவர். கூட வந்தவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். வெடிக்கச் சில நொடிகள். சுப்ரமணியம் அதன் மேல் விழுந்தார். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது அவர் இறந்த பிறகு வந்தது. தலைவர் ஓரமாக நிற்க வேண்டும் என்று நான் இவ்வளவு நேரம் பேசினேன், அவர் நிற்கவில்லை. இதற்கு என்னிடம் பொருத்தமான பதில் கிடையாது. ஒன்று மட்டும் சொல்வேன்: அதை யாருக்கும் உத்தரவாகக் கொடுக்க முடியாது, பயிற்சித் திட்டத்தில் எழுத முடியாது. அவரைக் காட்டி மற்ற தலைவர்களைக் குழாய் பிடிக்கச் சொன்னால், அதற்கு அவர் பொறுப்பல்ல.

முடிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதும் தலைமைதான். அமெரிக்க ராணுவம் பயிற்சி மைதானங்களில் வளர்த்த ஒரு முறையை இப்போது தீயணைப்புக்காரர்களும் வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்ததும் உட்கார்ந்து, என்ன நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன என்று பேசுவது. பதவி வெளியே செருப்போடு கிடக்கும். நம் ஊரில் இது சரியாக நடப்பது குறைவு. ஏனென்றால் இளையவர் பேசினால் பெரியவருக்கு முகம் சுருங்குகிறது. பெரியவர் முதலில் பேசினால் இளையவர் வாயை மூடிக்கொள்கிறார். ஆகவே கடைசி ஆளிடமிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும். நான் பார்த்தவரை இந்தச் சின்ன மாற்றம் ஒன்றே பாதிக் குறையைத் தீர்க்கும்.

நம் ஊர்க் கணக்கோடு முடிக்கிறேன். 2010 பிப்ரவரி 23, பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ். 9 பேர் இறந்தார்கள். புகையில் மாட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதித்தவர்கள் அதில் உண்டு. அதன் பிறகு இந்த ஊரில் எத்தனை கட்டடங்கள் எழுந்திருக்கின்றன! உங்கள் அபார்ட்மெண்ட்களில் டிரில் நடத்துகிறீர்கள், நல்லது. எல்லோரும் படியில் இறங்கி, போட்டோ எடுத்து, குரூப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கிறீர்கள். அடுத்த முறை சங்கச் செயலாளர் கையில் தீயணைக்கும் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். வீட்டு எண் பட்டியலைக் கொடுத்து மெயின் கேட்டில் நிற்க வையுங்கள். எந்த வீட்டிலிருந்து யார் வரவில்லை என்று சொல்வது மட்டும் அவர் வேலை. தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். லிப்டுக்குப் பக்கத்துப் படியை மட்டும் பழக்காதீர்கள். பதற்றத்தில் மனிதர்கள் தினமும் போகும் வழிக்குத்தான் ஓடுவார்கள், இரண்டாவது படி இருப்பதே நினைவுக்கு வராது. ஒரு டிரிலில் முதல் படியை அடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது படியின் கதவில் பூட்டு தொங்கினால், யாரிடம் சாவி இருக்கிறது என்று அன்றைக்கே, எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கடைசி வரிசையிலிருந்து தொடங்குவோம்.