பக்கத்து வரியில் இருந்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

மகாளய அமாவாசை அன்று எங்கள் வீட்டில் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிக்கிற நேரத்தில், கூடத்தில் நிற்கும் என் பாட்டி, "கப்பலேறிப் போனவரை விட்டுவிடாதீர்கள்" என்று நினைவூட்டுவார். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அந்த அமாவாசைதான் திதி என்பதை நீங்கள் அறிவீர்கள். கப்பலேறிப் போனவர் என் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார். வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து 1898ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்றவர், பிறகு திரும்பவே இல்லை. எந்த ஊரில் இறந்தார், எந்த மண்ணில் அடக்கமானார், கடைசி நாளில் வாயில் தண்ணீர் விடப் பக்கத்தில் ஆள் இருந்ததா என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு 11 ஆண்டுகள் ஆயின. அந்தத் தேடலில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி, 1911இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை, 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆகவே, தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் குடும்பத்திலும் பெயர் மறந்துபோன ஒரு கப்பல்காரர் இருக்கக்கூடும்.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்த எண்ணை நேயர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உரை முடிவதற்குள் இன்னும் இரண்டு முறையாவது அதைச் சொல்வேன். கப்பற் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ள அந்தப் பட்டியல்கள் இன்று கணினியில் தேடும் வகையிலும் கிடைக்கின்றன. நான் தேடியபோது ஒரே பெயர், ஒரே தாலுகா, ஏறத்தாழ ஒரே வயது என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவரில் ஒருவருக்கு மட்டும் அடையாளக் கட்டத்தில் "இடது புருவத்தின் மேல் தழும்பு" என்று இருந்தது. சிறு வயதில் காளை முட்டிப் புருவம் கிழிந்ததை எங்கள் வீட்டில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். ஒரு குமாஸ்தா கடமைக்காக எழுதி வைத்த ஒரு வரியும், எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதையும் பொருந்திய அந்த நேரத்தில் எனக்குக் கை நடுங்கியது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் காதில் விழும் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தா எப்படிக் கேட்டாரோ அப்படித்தான் ஏட்டில் எழுதினார். முனுசாமி அங்கே மூன்சாமி ஆனார். கவுண்டர் கோவெண்டர் ஆனார். ஒருவருடைய தந்தை பெயரே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நிலைத்துப்போவதும் உண்டு; ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர் இரு வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்து மறைந்ததும் உண்டு. அதனால்தான் எண்ணைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். பெயர் எத்தனை முறை உருமாறினாலும் எண் மாறுவதில்லை.

சரி, ஏன் திரும்பவில்லை? கடைசிக் காலத்தைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அங்கே சுகம் கண்டு வீட்டை மறந்துவிட்டார் என்ற ஒரு மனக்குறை எங்கள் குடும்பத்தில் நெடுங்காலம் இருந்தது. ஏடுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒப்பந்தம் 5 ஆண்டு. முதல் ஆண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். கப்பல் கட்டணமில்லாமல் ஊர் திரும்பும் உரிமையும் சட்டத்தில் இருந்தது. ஆனால் கையில் ஒன்றும் சேர்க்காமல், போன இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஊர் திரும்பாமலும், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் சுதந்திரமாக வாழ நினைத்தவர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது. 3 பவுன் என்பது 60 ஷில்லிங்; முதல் ஆண்டுக் கூலியில் சரியாக 6 மாதச் சம்பளம். மனைவிக்குத் தனி வரி. 16 வயதான மகனுக்கும் 13 வயதான மகளுக்கும் தனித்தனி வரி. எங்கள் பெரியவர் இரண்டு முறை மறு ஒப்பந்தம் செய்திருக்கிறார். 1914இல் அந்த வரி நீங்கிய பிறகுதான் தோட்டத்தை விட்டு வெளியேறி, குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டிருக்கிறார். அவர் எங்களை மறந்துவிட்டார் என்று பேசியதற்காக, இதைப் படித்த நாளில் நான் மனத்துக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இனி, நான் எங்கு சென்றாலும் பேசும் விஷயத்துக்கு வருகிறேன். இறப்புப் பதிவை எடுத்தவுடன் எல்லோரும் இறந்தவர் பெயரையும் தேதியையும் நோயையும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். அதில் தகவல் தந்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த ஏட்டிலேயே அதிகம் பேசும் கட்டம் அதுதான். இறந்தவருடைய வயதும் தந்தை பெயரும் அவர் வாயால் சொன்னவை அல்ல, இன்னொருவர் சொன்னவை. அந்த இன்னொருவர் யார், அவருக்கு இறந்தவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று கேட்காமல் அதில் உள்ள எதையும் நம்பவும் முடியாது, தள்ளவும் முடியாது.

எங்கள் பெரியவர் 1921இல் இறந்திருக்கிறார். மனைவி, மக்கள் என்று எவரும் குறிக்கப்படவில்லை. தகவல் தந்தவர் கட்டத்தில் ஓர் ஆணின் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் சிநேகிதர் என்று எழுதியிருந்தார்கள். குமாஸ்தா எழுதிய அந்தப் பெயரை எப்படி உச்சரித்துப் பார்த்தும் ஒரு தமிழ்ப் பெயராக அது எனக்குப் பிடிபடவில்லை. ஏறத்தாழ 2 ஆண்டுகள் அந்த இடத்திலேயே நின்றேன். பிறகு ஒரு நாள் அந்தப் படிவத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஆங்கில எழுத்துகளுக்குக் கீழே, மங்கிய மையில், தமிழில் ஒரு கையெழுத்து தெரிந்தது. ஈற்றெழுத்து 'லை'. இன்று நாம் எழுதும் 'லை' அல்ல; யானை துதிக்கையைத் தூக்கியது போல் முன்னால் வளைந்திருக்கும் பழைய 'லை'. அந்த ஓர் எழுத்து முழுப் பெயரையும் எனக்குக் காட்டிக் கொடுத்தது.

உடனே கப்பற் பட்டியலுக்குத் திரும்பினேன். எங்கள் பெரியவரின் எண்ணிலிருந்து நான்காவது எண், அந்தச் சிநேகிதருடையது. அதே பக்கம், அதே தாலுகா, இரண்டு கல் தொலைவில் உள்ள பக்கத்துக் கிராமம். சென்னையில் ஒன்றாகக் கப்பலேறியவர், 23 ஆண்டுகள் கழித்து, இவர் இறந்துவிட்டார் என்று பதிவதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். இறந்தவருடைய தந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார். கடைசி நாளில் பக்கத்தில் ஆள் இருந்ததா என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தாரே, அதற்கு விடை அந்த 'லை'யில் இருந்தது.

இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நீங்கள் தேடுபவரின் தடம் ஓரிடத்தில் அற்றுப்போனால், அவர் பக்கத்து வரியில் இருந்தவரைத் தேடுங்கள். சொத்தில்லாமல் இறந்தவருக்குப் பெரும்பாலும் கோப்பு எழுதமாட்டார்கள். ஆனால் அந்தச் சிநேகிதருக்குப் பின்னாளில் ஒரு சிறு நிலமும் பிள்ளைகளும் இருந்ததால், பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் அவர் பெயரில் ஒரு சொத்துக் கோப்பு இருந்தது. இத்தகைய கோப்பில் உள்ள இறப்பு அறிவிப்பில் பிறந்த இடம், பெற்றோர், துணைவர், மக்கள், உயிர் பிரிந்த வீடு எல்லாம் வரிசையாகக் கேட்கப்பட்டிருக்கும். சவ அடக்கச் செலவும் கணக்கில் வரும். அதில் கிடைத்த முகவரியை வைத்துக்கொண்டுதான் எந்த நகரசபையின் மயான ஏட்டைக் கேட்க வேண்டும் என்பதையே நான் அறிந்தேன். ஏட்டில் எங்கள் பெரியவர் பெயர் மூன்றாவது விதமாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் தேதி பொருந்தியது, முகவரி பொருந்தியது. குழி எண் இருந்தது. கல் இல்லை. காப்பாளர் வரிசையை எண்ணிக்கொண்டே நடந்து, பெயர் வெட்டிய இரண்டு கற்களுக்கு நடுவில், புல் மட்டும் வளர்ந்திருந்த ஒரு துண்டு நிலத்தின் முன் நின்று, "இதுதான்" என்றார்.

கல் இல்லாததைக் கண்டு மனம் சோர வேண்டாம். தோட்டத்திலேயே இறந்தவர்கள் பலர் தோட்டத்தின் ஓரத்திலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஏட்டில் உள்ள வரியே கல்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். கல்லில் உள்ள எழுத்தை வாசிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பழைய தமிழ்க் கல்லறைகளில் 'ஆனந்த வருஷம் தை மாதம்' என்பது போல் ஆண்டுப் பெயர் மட்டும் இருக்கலாம். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதால் 1914இல் தொடங்கிய ஆனந்தவா, 1974இல் தொடங்கிய ஆனந்தவா என்று பக்கத்துக் கற்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தை, மாசி, பங்குனி என்றால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்து ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டெய்ன் மயானத்தில் அடக்கமானார். அங்கே அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. தென்னாப்பிரிக்கா செல்கிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மொரீஷியஸ் சென்றவர்களின் குடியேற்ற ஏடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல்தான் கப்பல் சென்றது என்பதால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் தேட வேண்டியதில்லை. எங்கே தேடினாலும் எண்ணை முதலில் பிடியுங்கள்.

இறந்த தேதி கிடைத்ததும் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதியைக் கணித்துக்கொண்டோம். இப்போது அவருக்கு வீட்டில் தனி நாள் இருக்கிறது. சிநேகிதருக்கும் அதே நாளில் ஒரு கை எள் இறைக்கிறோம்.

வணக்கம்.