மார்கழி என்று ஒரு பெண் குழந்தை

(புதுச்சேரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, வாசல் பக்கம் நின்றுகொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள். நம்மூர்க் கூட்டத்தில் பின்வரிசைதான் முதலில் நிரம்பும் என்பது தெரிந்த விஷயம்தான்.

'மாதங்களும் பெயர்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டால் நீங்கள் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் ஒன்றே ஒன்றைப் பேசுகிறேன். பெண் பிறந்தால் மார்கழி என்று பெயர் வைக்கலாமா? இந்தக் கேள்வியைச் சமீபத்தில் சில இளம் பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஆசையும் இருந்தது, கூடவே ஒரு தயக்கமும் இருந்தது.

முதலில், நம்மிடம் மாதப் பெயர் வைக்கும் வழக்கம் இருக்கிறதா? இருக்கிற மாதிரி இருக்கும், கிட்டப் போனால் இருக்காது. கார்த்திக், கார்த்திகா தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். ஆனால் அது முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களை வைத்து வந்த பெயர். மாதத்தை நினைத்து யாரும் வைப்பதில்லை. விசாகன், சித்ரா எல்லாம் நட்சத்திரப் பெயர்கள். மாசிலாமணியில் மாசி மாதம் இல்லை, மாசு இல்லாத மணிதான் இருக்கிறது. சிதம்பரம் பக்கம் ஆடியபாதம் என்று பெயர் உண்டு. அது ஆடி மாதம் இல்லை, நடராசர் நடனம் ஆடிய திருவடி. சித்திரைவேல், சித்திரைச்செல்வி என்று அங்கங்கே சிலர் இருக்கிறார்கள். அவ்வளவுதான். மாதத்தின் பெயரை அப்படியே, வால் ஒட்டாமல், ஒரு குழந்தைக்கு வைப்பது அபூர்வம்.

சில மாதங்களுக்கு அந்த யோகம் வராது, அதுவும் தெரிகிறது. ஐப்பசி என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் 'ஐயோ பசி' ஆகிவிடும். ஆனி, 'ஆணி' ஆகும். மாசி என்றால் மீன்கடை ஞாபகம் வரும். புரட்டாசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதே இல்லை.

மார்கழி அப்படி இல்லை. சொல்லும்போதே வாய்க்கு நன்றாக இருக்கிறது. பொருளுக்கும் குறைவில்லை. நம் மாதப் பெயர்களில் பெரும்பாலானவை, அந்த மாதத்துப் பௌர்ணமி எந்த நட்சத்திரத்தை ஒட்டி வருகிறதோ அதிலிருந்து வந்தவை. சித்திரை நட்சத்திரத்தால் சித்திரை, விசாகத்தால் வைகாசி, மகத்தால் மாசி. அந்த வரிசையில் மிருகசீரிடத்தால் மார்கழி. மிருகசீரிடம் என்றால் மான் தலை. ஆக, மார்கழி என்று பெயர் வைத்தால் ஒரு மானைத்தான் கூப்பிடுகிறீர்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம்முடையது சூரியக் கணக்கு மாதம் என்பதால், இன்றைக்கு மார்கழிப் பௌர்ணமி மிருகசீரிடத்தைத் தாண்டி, அடுத்த நட்சத்திரமான திருவாதிரையை ஒட்டித்தான் பெரும்பாலும் வருகிறது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம் அன்றைக்குத்தானே? கடலூர்க்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாங்கத்தை விடுங்கள், கண்ணாலேயே பார்க்கலாம். மார்கழியில் ஒருநாள் இரவு ஏழரை, எட்டு மணிக்கு நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைப் பக்கம் நின்று கடலைப் பாருங்கள். மேகம் இல்லாவிட்டால், கிழக்கே மூன்று நட்சத்திரம் ஒன்றின் மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும். அதற்கு இடதுகைப் பக்கம் சிவப்பாக ஒன்று தெரியும், அது திருவாதிரை. அதற்கு மேலே வெள்ளையாக இன்னொன்று. இந்த இரண்டுக்கும் நடுவே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, மூன்று பொடிப் புள்ளிகள் நெருக்கமாகக் கூடி இருக்கும். அதுதான் மான் தலை. சாலை விளக்கு வெளிச்சத்தில் சட்டென்று பிடிபடாது. கொஞ்சம் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பிள்ளைக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்து காட்டலாம்.

இப்போது தயக்கத்துக்கு வருவோம். மார்கழி பீடை மாதம், அதில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை, அந்தப் பெயரையா வைப்பது என்று வீட்டில் கேட்பார்கள். 'பீடுடை மாதம்' என்பதுதான் தேய்ந்து 'பீடை' ஆனது என்று மேடைக்கு மேடை ஒரு பதில் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் சொல்வது வேறு. சம்பா நெல் வயலில் நிற்கிற மாதம் இது. அறுவடை தையில். நெல் வீட்டுக்கு வருமுன் கல்யாணம் என்றால் கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அதுவரை கோயிலும் கோலமுமாக இருங்கள் என்று ஒதுக்கி வைத்தார்கள். ஒதுக்கியது கெட்டது என்பதால் இல்லை. ஆண்டாள் 'மார்கழித் திங்கள்' என்று தொடங்கிய கையோடு 'மதி நிறைந்த நன்னாளால்' என்று அதை நல்ல நாள் என்றே பாடுகிறாள். மாதங்களில் நான் மார்கழி என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். இதற்கு மேல் யாரிடம் சான்றிதழ் வாங்குவது?

உண்மையில் பயப்பட வேண்டிய மாதம் என்று நம்மவர்கள் வைத்திருந்தது சித்திரையை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று, ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட சித்திரைக்கே செல்வியும் வேலும் கிடைத்துவிட்டார்கள். பிள்ளைப் பிறப்பில் ஒரு பழியும் சுமக்காத மார்கழி மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது.

ஆனால் இந்தக் கரையில் உட்கார்ந்து பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26, மார்கழி. அன்றைக்குப் பௌர்ணமி. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது 2011 டிசம்பர் 30 காலை. அதுவும் மார்கழிதான். தேவனாம்பட்டினத்தில் ஆளைப் பறிகொடுத்த வீட்டிலோ, பண்ருட்டிப் பக்கம் ஒரே ராத்திரியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த தோட்டத்து வீட்டிலோ இந்தப் பெயரைச் சொன்னால், அவர்களுக்கு முதலில் கோலம் ஞாபகம் வராது. அந்த வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்னால், அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பஞ்சாங்கத்தைக் காட்டி வேண்டாம் என்பவரோடு வாதாடலாம். இவர்களோடு வாதாட முடியாது.

சரி, வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஒரு வருஷத்தில் ஐந்து குழந்தைக்காவது வைத்தால்தான் அந்தப் பெயர் பட்டியலில் வரும். அதில் ஏப்ரலும் ஜூனும் நன்றாக ஓடிய பெயர்கள். ஏப்ரல் 1970, 80களில் மிகப் பரவலாக இருந்தது. ஜனவரியும் அக்டோபரும் அபூர்வம். நவம்பரும் அபூர்வம்தான். ஏன் என்று யோசித்தால், அங்கே ஏப்ரலில் பனி விலகிப் பூப் பூக்கும். எந்த மாதத்தில் வெளியே வந்து நிற்கச் சுகமாக இருக்கிறதோ அதைப் பிள்ளைக்கு வைக்கிறார்கள். நமக்கு ஏப்ரல், மே என்றால் அக்னி நட்சத்திரம், மின்வெட்டு. விடியலில் பனி, வாசலில் ஈரச் சாணம், சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூ, இதெல்லாம் நமக்குக் கிடைப்பது மார்கழியில். அவர்களுடைய ஏப்ரலுக்கு நம் ஊரில் ஈடு மார்கழிதான். ஆங்கிலப் பெயர் வேண்டும் என்று இங்கே ஏப்ரல் என்று வைப்பவர்கள் ஒரு மே மாதத்தை இங்கே கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

நம்மூர் பிரெஞ்சுக் கதையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். புரட்சிக்குப் பிறகு பிரான்சில் பழைய மாதங்களைத் தூக்கிப்போட்டு, முளைவிடும் மாதம், பூ மாதம், அறுவடை மாதம் என்று புதிதாகப் பெயரிட்டார்கள். ஜெர்மினால், ஃப்ளோரெயால், மெசிதோர். 1793 அக்டோபரில் வந்த காலண்டர் அது. அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கும் வைத்தார்கள். அப்புறம் பெயர்களுக்குக் கடிவாளம் போட ஒரு சட்டம் வந்தது. காலண்டரில் உள்ள பெயர்களும் பழைய சரித்திரத்து ஆட்களின் பெயர்களும் மட்டும்தான் வைக்கலாம் என்றார்கள். அந்தச் சட்டத்தின் தேதி என்ன தெரியுமா? ஜெர்மினால் 11, அதாவது 1803 ஏப்ரல் 1. 1806 தொடக்கத்தில் நெப்போலியன் அந்தக் காலண்டரையே நிறுத்திவிட்டார். சட்டம் மட்டும் நெடுங்காலம் இருந்தது. விருப்பப்படி பெயர் வைக்கும் சுதந்திரம் அங்கே முழுசாக வந்தது 1993இல். அந்தக் காலண்டர்க் கூத்து நடந்தபோது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலேயே இல்லை. 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் பிடித்த ஊர் 1816இல்தான் திரும்பக் கிடைத்தது. நம் பாட்டன்மார் யாரும் ஃப்ளோரெயால் ஆகாமல் தப்பியது இப்படித்தான்.

கடைசியாக, வைப்பதென்று முடிவு செய்தவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. மார்கழிச்செல்வி, மார்கழிப்பிரியா என்று பயந்து பயந்து வால் ஒட்டாதீர்கள். வைத்தால் மார்கழி என்றே வையுங்கள். வீட்டில் மாரி என்று சுருக்குவார்கள், மாரியம்மன் பெயர்தானே, சுருக்கட்டும். 'கழி' என்று சுருக்க விடாதீர்கள். ஆங்கிலத்தில் 'ழ'வுக்கு எந்த எழுத்துப் போடுவது என்று முதல் நாளே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். இல்லாவிட்டால் வடக்கே போனால் மார்காஜி, பிரான்சுக்குப் போனால் வேறு ஏதோ ஒன்று. குப்புசாமியையே அவர்கள் எத்தனை எழுத்துப் போட்டு எழுதினார்கள் என்பது நம்மூர்ப் பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை அன்றைக்கே எழுத வேண்டியதில்லை. ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, பாட்டியைச் சம்மதிக்க வைக்க உங்களுக்குப் பன்னிரண்டு மாதம் இருக்கிறது, அதில் ஒரு மார்கழியும் வந்துவிடும். வணக்கம்.