உப்பில் செதுக்கிய தட்டு
(தூத்துக்குடியில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இரண்டு திருமண வரவேற்புகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, தம் மாணவியர் நாற்பது பேரையும் பேருந்தில் அழைத்து வந்து பின்வரிசைகளை நிரப்பியிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, தோணித் தொழிலாளர் சார்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நகர்மன்ற உறுப்பினர் எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று ஒரு சீட்டு வந்திருக்கிறது. அவரிடம் வைக்க எனக்கு ஒரு விண்ணப்பம் இருப்பதால், அவர் எழுவதற்குள் அதைச் சொல்லிவிடுவேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஈரான் நாட்டின் தென்கரையில் உள்ள ஹோர்மொஸ்கான் மாகாணம். அதன் கப்பல், அதன் சமையல், அதன் துணி, அதன் பாட்டு என்று நான்கு தலைப்புகளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஹோர்முஸ் என்ற பெயரை நாம் செய்தியில்தான் கேட்கிறோம். கேட்டவுடன் எண்ணெய்க் கப்பலும் போர்க் கப்பலும் பெட்ரோல் விலையும் நினைவுக்கு வருகின்றன. அந்த நீரிணையின் கரையில் மனிதர்கள் ரொட்டி சுடுகிறார்கள், மீன் ஊறப் போடுகிறார்கள், பெண்ணுக்குக் கல்யாணத் துணி தைக்கிறார்கள் என்பதைச் சொல்ல எந்தச் செய்தியாளருக்கும் நேரமில்லை. கப்பல் பொறியாளனாக வேலை பார்த்த காலத்தில் அந்தக் கரையில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் பழமொழி. இதை நான் எல்லா மேடையிலும் சொல்லுகிறேன் என்று என் மனைவி குறைபட்டுக்கொள்வதுண்டு. உப்பளத்து ஊரில் பிறந்தவன் வேறு எதைச் சொல்வான்? ஆனால் இந்தப் பழமொழியை நம்மைவிடக் கூர்மையாக வாழ்ந்து காட்டியவர்கள் அந்த மாகாணத்தின் ஹோர்முஸ் தீவுக்காரர்கள். பூமிக்கு அடியிலிருந்து பிதுங்கி எழுந்த உப்பு மலைதான் அந்தத் தீவு. 15-ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் சீனக் கப்பற்படையோடு வந்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், அங்குள்ள மலையின் நான்கு பக்கங்களும் நான்கு நிறம் என்று எழுதிவைத்தார். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் சுண்ணாம்பு போன்ற வெள்ளை மண், ஒரு பக்கம் மஞ்சள் கிழங்கின் நிறத்து மண். உப்புப் பாறையைச் செதுக்கித் தட்டும் கிண்ணமும் செய்து, அதில் உணவை வைத்து உண்பார்களாம்; தனியாக உப்புப் போட வேண்டியதில்லை. நம் பழமொழி பண்டத்துக்குள் உப்பைத் தேடுகிறது. அவர்கள் பண்டத்தையே உப்புக்குள் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் உள்ள கெஷ்ம் தீவில் 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள உப்புக் குகை ஒன்று இருக்கிறது என்பதையும் உப்பளத் தோழர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

குடிக்கும் தண்ணீர் இல்லாத இந்த ஹோர்முஸ் தீவுக்குத்தான் 1300-ஆம் ஆண்டையொட்டி ஹோர்முஸ் அரசு எதிரே உள்ள பெருநிலக் கரையிலிருந்து குடிபெயர்ந்தது. 1507-இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே அதைத் தாக்கினார். 1515-இல் போர்த்துகீசியர் பிடி இறுகியது. 1622-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் படை, ஆங்கிலேயக் கம்பெனிக் கப்பல்களின் துணையோடு அவர்களை வெளியேற்றியது. எதிர்க்கரையில் எழுந்த துறைமுகம் பந்தர் அப்பாஸ் என்று அவர் பெயரையே தாங்கியது. அந்த நகரத்தின் நடுவே, இந்திய வணிகர்கள் 1892-இல் பணம் திரட்டிக் கட்டிய விஷ்ணு கோயில் ஒன்று இன்றும் நிற்கிறது. பூசை இல்லை, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நம் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள உறவு கோயிலோடு தொடங்கியதன்று. இன்று அந்த மாகாணத்துக்குள் அடங்கும் கிஷ் தீவின் வணிகர் ஜமாலுத்தீன், பாண்டிய நாட்டுக்கு ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அவை வந்து இறங்கிய துறைகளில் ஒன்று, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நம் காயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை, ஏனெனில் அவற்றைப் பேணத் தெரிந்தவர் இங்கே இல்லை, லாடம் அடிப்பவரையும் வைத்தியம் பார்ப்பவரையும் குதிரை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவிடுவதில்லை. குதிரையை விற்றார்கள், குதிரையின் தொழிலை விற்கவில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

சமையலுக்கு வருகிறேன். அந்தக் கரையின் உயிர் மஹ்யாவே என்னும் மீன் ரசம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிட்டு, தண்ணீர் சேர்த்துச் சாடியில் அடைத்து, வெயிலில் வாரக்கணக்கில் புளிக்க வைத்து, கடுகும் கொத்தமல்லி விதையும் சோம்பும் சேர்த்து வடித்தெடுக்கும் கருஞ்சிவப்பு நீர் அது. தீவின் செம்மண்ணையும் சேர்த்தால் அதற்கு சூராக் என்று பெயர். மண்ணை உண்பதா என்று அந்தப் பக்கத்து மாணவி முகம் சுளிக்கிறார். அந்த மண்ணைத்தான் அவர்கள் கெலக் என்று பெயரிட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறார்கள். தொம்ஷி என்பது ரொட்டி. மாவை நீர்க்கக் கரைத்து, குவிந்த சூட்டுக் கல்லின் மேல் கையாலேயே மெல்லியதாக இழுத்து, அதன் மேல் மஹ்யாவேயைத் தடவி, சில வீடுகளில் முட்டையும் உடைத்து ஊற்றி, மடித்துத் தருவார்கள். தோசைக்குப் பெரியப்பா மகள் போல இருக்கும். மீன் குழம்பு உண்டு. அதற்குக் கல்யே மாஹி என்று பெயர். வெந்தயக் கீரை, கொத்தமல்லித் தழை, பூண்டு, புளி. புளிக்கு அவர்கள் மொழியில் பெயரே ‘இந்தியப் பேரீச்சை’ என்ற பொருள் தருவது.

இந்த மஹ்யாவேயோடு எனக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்லாமல் இறங்கினால், முன்வரிசைப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அவர்களில் இருவர் இதை மூன்று முறை கேட்டவர்கள். 1990-களில் எங்கள் கப்பல் பந்தர் அப்பாஸில் பழுது பார்க்க நின்றிருந்தது. கப்பல் முகவரின் எழுத்தர் ஒருவர் என்னை மீனாப் என்னும் ஊரின் வியாழக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப்போனார். மீனாப் என்றதும் மீன்பிடி ஊர் என்று எண்ணிக்கொண்டு போனேன். அது ஆற்றங்கரையில் மாமரமும் பேரீச்சையும் வளரும் ஊர். நம் காதுக்குத் தமிழாக ஒலிப்பதெல்லாம் தமிழாகிவிடாது. அங்கே முகத்தில் சிவப்புத் துணி முகமூடி அணிந்த ஒரு மூதாட்டி, பழைய குளிர்பான பாட்டிலில் மஹ்யாவே விற்றுக்கொண்டிருந்தார். நான் வாங்கினேன். அவர் மூடியைக் காட்டி, விரலை இப்படியும் அப்படியும் திருப்பி, ஏதோ நீளமாகச் சொன்னார். இறுக மூடு என்கிறார் என்று நானாகப் பொருள்கொண்டு, கப்பலுக்கு வந்ததும் குறடு வைத்து இறுக்கி, எந்திர அறையை ஒட்டிய சாமான் அலமாரியில் வைத்து, வேலை மும்முரத்தில் மறந்தும் போனேன்.

நான்காம் நாள் கப்பல் முழுவதும் ஒரு நாற்றம். எங்கள் கேப்டன் வடநாட்டவர், வெங்காயம்கூடத் தொடாத சைவர். காற்றுக் குழாயில் எலி செத்துக் கிடக்கிறது, உடனே கண்டுபிடியுங்கள் என்று உத்தரவிட்டார். தேடும் குழுவுக்குத் தலைவர் யார்? அடியேன்தான். இரண்டு நாள் நான்கு பேரை வைத்துக்கொண்டு குழாய்களைக் கழற்றினேன், பலகைகளைப் பெயர்த்தேன், எலி கிடைக்கும் என்று கேப்டனுக்கு எழுத்து மூலம் உறுதியும் அளித்தேன். மூன்றாம் நாள் காலை எங்கள் சமையற்காரர், குளச்சல்காரர், எந்திர அறைப் பக்கம் வந்து நின்று, கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, “சார், எலி செத்தா கடுகு மணக்காது” என்றார். நேராகப் போய் அலமாரியைத் திறந்தார். மூடி ஒரு மூலையில் கிடந்தது. மஹ்யாவே மூன்று தட்டுகளிலும் வழிந்திருந்தது. புளிக்கிற பொருள் மூச்சுவிட வேண்டும், மூடியைத் தளர்த்தி வை என்பதைத்தான் அந்த மூதாட்டி சொல்லியிருக்கிறார். அலமாரியைக் கழுவும் தண்டனை எனக்கு. பாட்டிலில் எஞ்சியிருந்ததை நானும் சமையற்காரரும் அன்றிரவு தோசையில் தடவித் தின்றோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவரும் சொன்னார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை மரியாதை.

சிரித்தது போதும். அந்த மூதாட்டியின் பேச்சு எனக்குப் புரிந்திருந்தால் மூன்று நாள் வேலை மிச்சமாகியிருக்கும். செய்முறை பாட்டிலில் இல்லை, அவர் சொல்லில் இருந்தது.

துணியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முகமூடி என்றேன், அது ஊருக்கு ஊர் வேறுபடும். சிவப்புத் துணியில் பூவேலை செய்தது ஒரு வகை, அவுரிச் சாயம் ஏறிய கருநீலத் துணி இன்னொரு வகை. கெஷ்ம் பக்கத்து முகமூடி மீசை போலத் தோன்றும். கடலிலிருந்து வரும் பகைவர் தொலைவில் பார்த்து ஆண்கள் காவல் நிற்கிறார்கள் என்று எண்ணட்டும் என்பதற்காக அப்படி வெட்டினார்கள் என்று ஊரார் சொல்வார்கள். பெண்களின் காற்சட்டை கணுக்காலில் இறுகி முடியும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பொன்னிழை வேலை இருக்கும். அதற்கு கோலாப்தூன் என்று பெயர். சரிகை இழையை நம் பழைய அகராதிகள் கலாபத்து என்று சொல்லும். இரண்டும் ஒரே வீட்டுச் சொற்கள்.

அந்தச் சொல்லின் எதிரொலி போல இன்னொன்று இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர்களைக் கேட்கிறேன்: தோணியின் பலகை இடுக்கில் பஞ்சுத் திரி வைத்து அடிப்பதற்கு என்ன பெயர்? கலப்பத்து. கேட்டீர்களா, மாணவியரே? அந்தக் கரையில் அதே வேலைக்குக் கல்ஃபாத். நம்மிடம் தண்டல் என்றும், சில ஊர்களில் நகுதா என்றும் சொல்கிற கப்பல் தலைவருக்கு அங்கே நாகோதா. பாரசீகத்தில் அதன் பொருள் கப்பலுக்கு உடையவர்.

கெஷ்ம் தீவின் லாஃப்த், கூரான் போன்ற ஊர்களில் கட்டப்படும் மரக்கப்பலுக்கு லெஞ்ச் என்று பெயர். வரைபடம் கிடையாது, தலைமைத் தச்சரின் கண்ணும் முழமும்தான் கணக்கு. பலகைக்கு இந்தியாவிலிருந்து தேக்கு போயிற்று. அடித்த கலப்பத்துக்கு மேல் சுறா ஈரல் எண்ணெய் பூசுவார்கள். மார்கோ போலோ பார்த்த ஹோர்முஸ் கப்பல்கள் இரும்பாணி இல்லாமல் தென்னை நார்க் கயிற்றால் தைத்தவை. அவருக்கு அவற்றைப் பிடிக்கவேயில்லை, பயணத்துக்கு ஆபத்தானவை என்று ஏசியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கரைக்காரர்கள் சூரியனையும் விண்மீன்களையும் நீரின் நிறத்தையும் பார்த்து வழி கண்டார்கள். ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். பாய் ஏற்ற ஒரு பாட்டு, நங்கூரம் இழுக்க ஒரு பாட்டு என்று வேலைக்கு வேலை பாடினார்கள். பாட்டைப் பற்றித் தனியாகச் சொல்வதாக அழைப்பிதழில் இருக்கிறது. நேரமில்லை, பொறுத்தருள வேண்டும்.

2011-இல் யுனெஸ்கோ, லெஞ்ச் கட்டும் கலையையும் செலுத்தும் கலையையும் உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. காரணம் எளியது: கண்ணாடியிழைப் படகு விலை குறைவு, கட்டும் களங்கள் பழைய லெஞ்சுகளைப் பழுதுபார்க்கும் களங்களாக மாறின, தெரிந்தவர்கள் முதியவர்கள், இளையவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே காற்றின் பெயர் அறிந்தவர் ஒருவர் மறைந்தால் அந்தக் காற்றும் பெயரிழந்துவிடுகிறது.

நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, தாங்கள் எழுவதைப் பார்த்துவிட்டேன், இரண்டு நிமிடம். நம் ஊரில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகளுக்குப் பெயர் உண்டு. இங்கே இருக்கும் நாற்பது மாணவியரில் எத்தனை பேருக்கு அவை தெரியும் என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். ஓடாவி என்ற சொல் கப்பல் தச்சரைக் குறிக்கும் என்பது இந்தத் தெருவுக்கு அப்பால் தெரிவதில்லை. தோணித் துறையில் உளியும் கொட்டாப்புளியும் பழைய இரும்பு எடைக்குப் போவதை நான் என் கண்ணால் பார்த்தேன். குதிரை வணிகர்கள் லாடக்காரரை ஒளித்து வைத்ததால் பாண்டியனின் குதிரைகள் செத்தன. நம்மிடம் ஓடாவிகள் கண்ணெதிரே இருக்கிறார்கள், யாரும் ஒளித்து வைக்கவில்லை, நாம்தான் போய்க் கேட்கவில்லை. நான் கேட்பது பெரிய கட்டடம் அன்று. இந்த நூலகத்தின் மாடியில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் ஓர் அறை; அதில் இரண்டு மரப்பீரோ, ஓர் ஒலிப்பதிவுக் கருவி, வாரம் ஒருநாள் சாவி. விண்ணப்பத்தின் நகல் தங்கள் காரின் முன்னிருக்கையில் இருக்கிறது. ஓட்டுநரிடம் சொல்லித்தான் வைத்தேன்.

அறை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று 200 பக்க நோட்டு ஒன்று வாங்கி, வாசலருகே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் கலப்பத்து என்று எழுதி, நேற்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சொன்ன விளக்கத்தை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒரு சொல் எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்கள் மாணவியரிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதுவார்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். அதை மட்டும் யாரும் எடுத்துப் போக வேண்டாம்.