கம்பிக்குள்ள போற வைப்பர்

வானொலி கேட்டுட்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம கோயமுத்தூர்ல சிங்காநல்லூர், பீளமேடு, சூலூர் பக்கமெல்லாம் வீடு வீடாப் போயி ஜன்னல் கண்ணாடி துடைச்சுக் குடுக்கறது எம்பட பொழப்பு. பதினோரு வருசமாச்சு. இதுக்கு என்ன சாமான் வாங்கறது, எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. புதுசா இந்த வேலைக்கு வர்ற பசங்களையும், சொந்த ஊட்டைத் தாங்களே துடைக்கிறவங்களையும் மனசுல வெச்சுப் பேசறேனுங்க.

சாமான் வாங்கறதுக்கு முன்னால நம்மூர் ஜன்னலைப் பாருங்க. உள்பக்கம் கம்பி, வெளிய தொறக்கற கதவு. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல நாலு இஞ்சோ அஞ்சு இஞ்சோதான் இருக்கும். முதல் வருசம் நான் பதினெட்டு இஞ்ச் வைப்பரை, அதாவது கண்ணாடித் தண்ணியை வழிக்கற ரப்பர் பட்டையை, பெருமையா வாங்கி வந்தேன். ஒரு வீட்டுல கூடக் கம்பிக்குள்ள போகலீங்க. இப்பக் கையில இருக்கறது ஆறு இஞ்ச் ஒண்ணு, பத்து இஞ்ச் ஒண்ணு. ஆறு இஞ்சைக் கம்பிக்கு நேரா சாய்ச்சு உள்ள விட்டு, அப்பறம் திருப்பிக்கலாம். கதவோட வெளிப்பக்கத்தைத் துடைக்க, பாதி தொறந்து வெச்சுக் கையை விளிம்பைச் சுத்திக் கொண்டு போகோணும். கைப்பிடி நீளமா இருந்தா அது நடக்காது. மாடி ஜன்னல்ல வெளிப்பக்கம் வருசக்கணக்கா அழுக்கோட நிக்கறது இதனாலதானுங்க. பத்து இஞ்ச் எதுக்குன்னா, கம்பி இல்லாத ஸ்லைடிங் ஜன்னலுக்கு.

உலகம் முழுக்கப் புடிக்கற இந்த வைப்பரை உண்டாக்கினவரும் ஜன்னல் துடைச்சவர்தான். இத்தாலியில இருந்து அமெரிக்காவுக்குப் பொழைக்கப் போன எத்தோரே ஸ்டெக்கோனே. அதுக்கு முன்னால இருந்தது கனமான இரும்பு, ரெண்டு ரப்பர். ரப்பரை மாத்தோணும்னா வரிசையாத் திருகாணி கழட்டோணும். அவர் 1936ல ஓக்லண்ட் ஊர்ல, ஒத்தை ரப்பர் வெச்சு, கனங்குறைவாப் பித்தளையில செஞ்சார். நாள் முழுக்கக் கையில புடிச்சவர் செஞ்சதுங்கறது அதைத் தூக்கிப் பார்த்தாலே தெரியுதுங்க.

கைப்பிடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ரப்பருக்குக் குடுங்க. வாங்கறப்பவே விளிம்புல நகத்தை ஓட்டிப் பாருங்க. சின்ன வெட்டு இருந்தாலும் கண்ணாடியில கோடு விழும். ஒரு விளிம்பு தேஞ்சா உருவித் திருப்பிப் போட்டுக்கலாம். நம்ம வெயிலுக்குக் கெட்டி ரப்பர்தான் சரி, மெத்துன்னு இருக்கறது சூட்டுல கொழகொழன்னு இழுக்கும்.

அடுத்தது தண்ணி. இதைச் சாமானா யாரும் நினைக்கறதில்லீங்க, எனக்கு இதுதான் முதல் சாமான். சிறுவாணி ஆத்து நல்ல தண்ணி வர்ற வீட்டுல ரெண்டு சொட்டுப் பாத்திரம் கழுவற சோப்பு போதும், கண்ணாடி பளிச்சுன்னு வந்துரும். ஆயிரம் அடி போர்த் தண்ணியில அதே வேலையைப் பண்ணினா, காஞ்சதும் வெள்ளைப் புள்ளி புள்ளியா நிக்கும். சோப்பைக் கூட்டினா இன்னும் மோசமாப் பூத்துப் போகும். அது தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்துங்க. தண்ணி ஆவியாப் போயிரும், சுண்ணாம்பு போகாது. அதனால அஞ்சு லிட்டர் கேன்ல நல்ல தண்ணியை நானே கொண்டு போறேன். மழை நாள்ல மொட்டை மாடியில புடிச்ச தண்ணி அருமை. ஏசியில இருந்து சொட்டற தண்ணியும் அப்படித்தான், உப்பே இருக்காது. வீட்டுக்காரங்க வீணா விடறதைப் புடிச்சு வெக்கச் சொல்லுவேன்.

பழைய வெள்ளைப் புள்ளிக்கு வினிகர் போட்டா கரையும். ஆனா ஜன்னல் அடியில கடப்பா கல்லோ மார்பிளோ இருந்தா, அதுமேல ஒரு சொட்டு விழக் கூடாதுங்க. ரெண்டுமே சுண்ணாம்புக் கல்தான், புளிப்புப் பட்ட இடம் மங்கிப் போகும். கீழ ஈரத்துணி விரிச்சுட்டுத்தான் வினிகர் பாட்டிலைத் தொறப்பேன்.

துணியில நம்மளுக்குத் திருப்பூர் பக்கத்துலயே இருக்கு. லேத் பட்டறைக்குக் கிலோக் கணக்குல விக்கற பனியன் வேஸ்ட், கம்பிக்கும் சட்டத்துக்கும் நல்லா இருக்கும். கண்ணாடிக்கு மட்டும் வேண்டாம், பிசிறு ஒட்டும். ஓரத்துல நிக்கற தண்ணியை எடுக்க மைக்ரோஃபைபர் துணி நாலு போதும்.

ஒட்டினதைச் சொரண்டற பிளேடு ஸ்கிரேப்பரைப் பத்திச் சொல்ல இன்னும் மனசு வலிக்குதுங்க. ஒரு புது வீடு, ஹால் கண்ணாடி முழுக்க சிமெண்ட் துளி. அவசரத்துல தண்ணி விடாம வறட்சியாவே சொரண்டிட்டேன். சிமெண்டுல இருக்கற மணல் கண்ணாடியை விடக் கெட்டி. பிளேடுக்கு அடியில சிக்கி, மேல இருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இழுத்துருச்சு. அந்தக் கண்ணாடிக்குக் காசு குடுக்கறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப நல்லா ஊற வெச்சு, துணியில தொடச்சு, எதுவுமே கேக்காத இடத்துல மட்டுந்தான் பிளேடு. அதுவும் வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டு.

இனித் தூக்கிட்டுப் போறது. என் வண்டி எக்ஸ்எல். முன்னால கால் வெக்கற இடத்துல இருபது லிட்டர் பெயிண்ட் வாளி கச்சிதமா உக்காரும். மூடி இருக்கறதால தண்ணியும் சிந்தாது. ஆனா நெறைச்சா இருபது கிலோ, மாடிப்படி ஏற முடியாது. அஞ்சு லிட்டருக்கு மேல ஊத்தறதில்லை. வாளியோட வாய் ஒரு அடி அகலந்தான். பத்து இஞ்ச் வைப்பர் உள்ள படுக்கும், அதுக்கு மேல வாங்கினா வெளிய நீட்டிட்டு நிக்கும்.

மத்ததெல்லாம் இடுப்புல. பைக் சீட் தைக்கிறவர்கிட்ட ரெக்சின்ல ஒரு பட்டை தைச்சு வாங்கினேன். வலப்பக்கம் வைப்பர், இடப்பக்கம் துணி, பின்னால மூடி போட்ட ஸ்கிரேப்பர். ஒவ்வொண்ணுலயும் ஒரு நாடா கட்டி பட்டையோட முடிஞ்சு வெச்சிருக்கேன், கை நழுவினா கீழ வெளையாடற கொழந்தை மேல விழக் கூடாதுங்க. நான் ஏணியில தடுமாறினது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் மறந்து போன துணியை எடுக்க வேகமா இறங்கறப்பத்தான்.

ஏணி நாலு அடி உயரத்துக்குச் செவுத்துல இருந்து ஒரு அடி தள்ளி நிக்கோணும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப பல்லடம், உடுமலைப் பக்கத்து வேலையை ஒத்திப் போட்டுருவேன், கூலி போனாலும் சரி. உயரத்துக்கு வைப்பரை மாட்டற அலுமினியக் குச்சியை நீட்டறதுக்கு முன்னால தலைக்கு மேல பாருங்க. நம்ம சந்துகள்ல மின்சாரக் கம்பி பால்கனிக்குப் பக்கத்துலயே போகுது. நான் கம்பி தெரியற பக்கம் குச்சியை எடுக்கறதே இல்லை. அந்த ஜன்னலை உள்ள இருந்து ஆறு இஞ்ச்ல எட்டற வரைக்கும் துடைச்சுட்டு, எட்டாததை எட்டாதுன்னு சொல்லிருவேன்.

சாயந்தரம் வீடு போனதும் ரப்பரைக் கழுவி நெழல்ல தொங்க விடுங்க. துணியைத் தனியாத் தொவைங்க, வாசனைக்குப் போடற கண்டிஷனர் வேண்டாம், அடுத்த நாள் கண்ணாடியில எண்ணெய் மாதிரி பூசும். பட்டையில எது எங்க இருந்துதோ அங்கயே சொருகி வெச்சுருங்க. வர்றேனுங்க, வணக்கம்.