கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

நண்பர்களே, வணக்கம்.

மனிதனை அவன் விருப்பத்தைவிடச் சூழலும் பிறவிக் குணமும்தான் இழுத்துச் செல்கின்றன என்று பார்க்கும் அமெரிக்க இயற்பண்புவாத நாவல்களில் நகரம் என்பது பெரிய தலைப்பு. நியூயார்க்கின் பவரி குடியிருப்பை வைத்து ஸ்டீபன் கிரேன் எழுதிய 'மேகி' இருக்கிறது. பல் வைத்தியன் ஒருவன் தன் கடைக்கு வெளியே தங்கமுலாம் பூசிய பெரிய பல்லைத் தொங்கவிட ஏங்கும் சான்பிரான்சிஸ்கோ தெரு, பிராங்க் நாரிஸின் 'மெக்டீக்'கில் இருக்கிறது. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி'தான். 1900இல் வந்த நாவல்.

1889 ஆகஸ்ட். 18 வயது கேரி சிகாகோவுக்கு ரயில் ஏறுகிறாள். அட்டைப் பெட்டியில் மதியச் சாப்பாடு, அக்காவின் முகவரி எழுதிய துண்டுச்சீட்டு, 4 டாலர் பணம். முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே டிரைசர் நகரத்தைக் காந்தம் என்கிறார். காந்தத்துக்கு ஊசிமேல் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. இழுக்கும், அவ்வளவுதான். இயற்பண்புவாதத்தின் உயிர் அந்தச் சொல்லில் இருக்கிறது.

சிகாகோவில் அவள் வேலை தேடி அலையும் பக்கங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெரிய நிறுவனங்கள் தெருவைப் பார்த்துக் கண்ணாடிச் சுவர் வைத்திருக்கின்றன. உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. கேரி வாசல்வரை போகிறாள், தைரியம் வராமல் தாண்டிப் போய்விடுகிறாள். கடைசியில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை, வாரம் நாலரை டாலர். அதில் 4 டாலர் அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கே போய்விடும். மிச்சம் அரை டாலர். அதை வைத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிகளை எப்படிக் கடந்து போவாள்?

சரி, கேரிமேல் ஆசைப்படும் ஹர்ஸ்ட்வுட்டுக்கு வருவோம். பகட்டான மதுக்கடையின் மேலாளர். ஓர் இரவு முதலாளியின் பணம் கையில் இருக்கும்போதே இரும்புப்பெட்டி பூட்டிக்கொள்கிறது. திருடினானா, திருட நேர்ந்துவிட்டதா? எத்தனை முறை படித்தும் என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அப்புறம் கேரியோடு நியூயார்க். அவள் மேடையேறி நடிகையாகிறாள். அவன் படிப்படியாகத் தெருவுக்கு வருகிறான். பனி கொட்டும் ஓர் இரவில், பிராட்வேயில், உணவுவிடுதிக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான். உள்ளே வெள்ளை விரிப்பு, சாப்பிடும் கூட்டம். ஒரு காலத்தில் கேரி நின்ற அதே பக்கம். பிறகு 15 சென்ட் கொடுத்து ஓர் அறைக்குப் போய், எரிவாயுக் குழாயைத் திறந்துவிட்டுப் படுத்துவிடுகிறான்.

அதே இரவு கேரி ஓர் ஆடம்பர ஓட்டலில், ஜன்னலருகே. தோழி வெளியே எட்டிப் பார்க்கிறாள். பனியில் யாரோ ஒருவர் வழுக்கி விழுகிறார். தோழி சிரிக்கிறாள். விழுந்தவர் யார் என்று டிரைசர் சொல்வதில்லை.