சாவியில் தொங்கிய பெயர்

நேயர்களுக்கு வணக்கம். மார்ஷல் டக்கர் பேண்ட் என்ற ராக் குழுவைச் சொன்னதும், "யார் அந்த டக்கர், பாடுகிறவரா, கிட்டார் வாசிக்கிறவரா?" என்றுதான் கேட்பார்கள். குழுவில் அந்தப் பெயரில் ஒருவரும் கிடையாது.

அமெரிக்காவில் தென் கரோலைனா மாநிலத்தின் ஸ்பார்ட்டன்பர்க் ஊர்ப் பையன்கள் ஆறு பேர். 1970களின் தொடக்கத்தில், ஒத்திகைக்குப் பிடித்த பழைய கிடங்கின் சாவியில் அந்தப் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. குழுவுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. சரி, இதுவே இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்கள். அந்த மார்ஷல் டக்கர் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் பார்வையற்ற மனிதர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2023இல், 99 வயதில் காலமானார்.

அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசையான தெற்கத்திய ராக் என்றால் ஆல்மன் பிரதர்ஸ், லினர்ட் ஸ்கினர்ட் என்ற இரண்டு குழுக்களைப் பேசிவிட்டு எழுந்துபோய்விடுகிறோம். இவர்களும் ஆல்மன் பிரதர்ஸும் கேப்ரிகார்ன் என்ற ஒரே இசைத்தட்டு நிறுவனத்துக்குத்தான் பாடினார்கள். ஆனால் இவர்களிடம் ஜெரி யூபாங்க்ஸின் புல்லாங்குழல் இருந்தது. ராக்கில் புல்லாங்குழலா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எனக்கு என்னவோ, அது இல்லாவிட்டால் இந்தக் குழுவே இல்லை. கிராமிய இசை, புளூஸ், ஜாஸ் மூன்றும் இவர்களிடம் கலந்தே வரும். எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரர் திண்டாடியிருப்பார்.

குழுவின் கிட்டார்காரர் டாய் கால்ட்வெலின் கையைக் கவனியுங்கள். வியட்நாம் போரில் காயப்பட்டுத் திரும்பியவர். கிட்டார்காரர்கள் விரலிடுக்கில் பிடிக்கும் பிக் என்ற சின்னத் தகடு அவரிடம் கிடையாது. வெறும் கட்டைவிரலால் தந்தியைத் தட்டுவார். அதனால் வேகமாக வாசிக்கும்போதும் ஒலி கிறீச்சிடாமல் உருண்டையாக வரும். பாட்டுகளில் பெரும்பாலானவையும் அவர் எழுதியவைதான். தம்பி டாமி பேஸ் கிட்டார். 1977இல் இவர்களுடைய ஒரு பாட்டு பில்போர்டு என்ற அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. 1980இல் டாமி வாகன விபத்தில் இறந்தார். அதற்குப் பிறகு பழைய கட்டு அமையவில்லை. டாயும் 1993இல் போய்விட்டார்.

இப்போது அவர்களுடைய 1973 முதல் தொகுப்பிலிருந்து 'கேன்ட் யூ சீ'. வழக்கமாகப் பாடுகிறவர் டக் கிரே. இதை டாயே பாடுகிறார். குரல் வருவதற்கு முன்னால் குழல் வரும். பேச்சை நிறுத்திக்கொள்கிறேன், கேளுங்கள்.