பங்குனி பத்தாம் திகதி

வணக்கம் நேயர்களே. மென்பொருள் சோதனை பற்றிக் கதைக்க என்னை அழைத்திருக்கிறார்கள். என் தொழில் அதுதான். இந்தத் தொழிலின் பெயரைச் சொன்னதும் பெரியப்பா கேட்டார்: "புரோகிராம் எழுதத் தெரியாத ஆக்கள் செய்யிற வேலையோ, தம்பி?"

சைக்கிள் கடையைத்தான் அவருக்குப் பதிலாகச் சொன்னேன். காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், "அண்ணை, வால்வுப் பக்கத்தாலதான் போகுது, அதை மட்டும் பாருங்கோ" என்கிறோம். கடைக்காரர் தலையை ஆட்டுவார், ஆனால் கேட்கமாட்டார். ரியூப்பை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டிக்குள் சாண் சாணாக அமிழ்த்தி முழுச் சுற்றையும் பார்ப்பார். குமிழி வந்த இடத்தில் அடையாளம் வைத்து ஒட்டுவார். ஒட்டி முடிந்த பிறகும் திரும்பச் சட்டிக்குள் விடுவார். ரியூப் செய்யத் தெரியாதவர் என்று அவரை யாரும் குறை சொல்வதில்லை.

சரி, இப்போது என் அம்மாவின் கதை. ஒரு நிறுவனத்தின் இணையப் படிவத்தை அவவுக்காக நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டை இலக்கம் போட்டாயிற்று. பிறந்த திகதி 1958 பங்குனி 10, அதாவது மார்ச் 10. அதுவும் போட்டாயிற்று. சிவப்பு எழுத்தில் வந்தது: 'பிறந்த திகதி பிழை'. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா. "அறுபது வருசத்துக்கு மேல எனக்குப் பிறந்தநாள் அண்டைக்குத்தான். இது ஆர் எனக்குச் சொல்ல?"

உங்களிடம் இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கமும், கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கம், நாளுக்குக் கணக்கு அதேதான். அம்மாவின் அட்டை 58570 என்று தொடங்குகிறது. 500ஐக் கழித்தால் 70ஆம் நாள். இதையும் நாம் போட்ட திகதியையும்தான் படிவம் ஒத்துப் பார்க்கிறது.

தைக்கு, அதாவது ஜனவரிக்கு, 31; மாசிக்கு, அதாவது பெப்ரவரிக்கு, 28; கூட்டினால் 59. எழுபதுக்கு இன்னும் பதினொன்று. அப்படியானால் பங்குனி 11 அல்லவா வரவேண்டும்? அட்டைக்கு இலக்கம் போடும் முறையில் எல்லா ஆண்டுக்கும் 366 நாள். மாசி 29 வராத ஆண்டிலும் அதற்கென்று 60ஆம் எண் ஒதுக்கியே இருக்கும். படிவத்தை எழுதியவருக்கு இது தெரியவில்லை. அவருடைய கணக்கில் 1958க்கு 365 நாள்தான், அதனால் அம்மா ஒரு நாள் பிந்திப் பிறந்துவிட்டா.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தையிலோ மாசியிலோ பிறந்த ஒருவருக்கும் இந்தப் பிழை தெரியாது. 1996, 2000 போன்ற நெட்டாண்டில், அதுதான் லீப் வருடத்தில், பிறந்தவருக்கும் தெரியாது. எழுதிய பிள்ளை தன் அட்டையைப் போட்டுப் பார்த்துச் 'சரி' என்று விட்டிருக்கலாம். தன் கையால் எழுதியதைத் தானே சோதிப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். பிழையாக விளங்கிக்கொண்ட அதே மூளைதான் திரும்பவும் பார்க்கிறது.

இந்தப் படிவம் என்னிடம் வந்திருந்தால் 59, 60, 61 என்ற எண்களைத்தான் முதலில் போட்டிருப்பேன். பிறகு 1, 366. பெண்களுக்கு 501, 559, 560, 561, 866. அதற்குப் பிறகு வரவே கூடாதவை: 0, 367, 500, 867. நடுவில் இருக்கிற 200, 210 எல்லாம் ஒன்றிரண்டு போதும். வீட்டு வளவுக்குள் ஆடு முற்றத்து நடுவில் முளைத்து வருவதில்லை, வேலிப் பொட்டுக்குள்ளால், அதாவது வேலி ஓட்டைக்குள்ளால்தான் வருகிறது. இதை எங்கள் தொழிலில் எல்லைப் பெறுமானச் சோதனை என்போம்.

பழைய இடத்தில் நன்றாக ஓடியது புதிய இடத்திலும் ஓடும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1996 ஜூன் 4ஆம் திகதி, பிரெஞ்சு கயானாவில் இருந்து கிளம்பிய ஏரியன் 5 ரொக்கெட் ஏறக்குறைய 40 செக்கனில் வானத்திலேயே சிதறியது. உள்ளே நான்கு செய்மதிகள். காரணமான மென்பொருள் பகுதி ஏரியன் 4இல் பிசகில்லாமல் வேலை செய்தது. புதிய ரொக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதைவிடக் கூட. 32,767 வரை மட்டுமே கொள்ளும் இடத்துக்குள் அதைவிடப் பெரிய எண் போய் விழுந்தது. புதிய ரொக்கெட்டின் பாதையை வைத்து அந்தப் பகுதியை யாரும் சோதிக்கவில்லை.

தரப் பொறியியல் என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்கள். என் அளவில், சோதிப்பவரைக் கடைசி நாளில் கூப்பிடாமல், படிவம் வெறும் கடதாசியில் இருக்கும்போதே தேத்தண்ணியோடு பக்கத்தில் இருத்துவதுதான் அது. "மாசி 29ஐ எப்படி எண்ணுறீங்கள்?" என்று அன்றைக்கே ஒருவர் கேட்டிருந்தால் செலவு ஒரு தேத்தண்ணிதான்.

எங்கள் மொழியாலும் வேலியில் பொட்டுகள் வரும். 'யாழ்ப்பாணம்' என்ற சொல் எங்களுக்கு ஆறு எழுத்து. கணினி அதைப் பதினொரு குறியாக வைத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்குப் பத்துக் குறி இடம் விட்ட படிவத்தில் அடித்துப் பாருங்கள், கடைசிப் புள்ளி அறுந்து 'யாழ்ப்பாணம' என்று நிற்கும். குறுஞ்செய்தியும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறியோடு நிரம்பிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் அடித்துப் பார்ப்பவர் கண்ணில் இது படாது. தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலில் வேலை இருக்கிறது என்று நான் சொல்வது சும்மா ஊர்ப் பற்றால் இல்லை.

கண்டுபிடித்தால் போதாது, எழுதத் தெரிய வேண்டும். "உங்கட படிவம் வேலை செய்யுதில்லை" என்று எழுதினால் ஒருவரும் திருத்தமாட்டார்கள். நான் அந்த நிறுவனத்துக்கு எழுதியது இவ்வளவுதான்: நாள் எண் 570, ஆண்டு 1958, திகதி மார்ச் 10. ஏற்க வேண்டும், ஏற்கவில்லை. மார்ச் 11 போட்டால் ஏற்கிறது. 1956ஆம் ஆண்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

சில நாளில் திருத்திவிட்டார்கள். அம்மாவின் படிவம் போனது. நான் பெரியப்பா வீட்டுக்குப் போய், "உங்கட அடையாள அட்டையை ஒருக்காத் தாங்கோ" என்றேன். அவர் 1952, நெட்டாண்டு.

"எனக்கு முதலே சரியாத்தானே போனது, பிறகேன்?" என்றார்.

"ஒட்டின பிறகும் சட்டிக்குள்ள விட்டுப் பாக்க வேணும், பெரியப்பா."

அட்டையை எடுக்க எழும்பிப் போனார்.

நன்றி, வணக்கம்.